கச்சால் தீவில் தேடிய முன்னோர் பெயர்

முதலாம் இராசேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தியில், அவன் கடற்படை வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரம் என்றொரு பெயர் வருகிறது. இன்று நிக்கோபார் என வழங்கும் தீவுகளே அவை என்பர் அறிஞர். பள்ளியில் இதைப் படித்த காலத்தில், அந்த நக்கவாரத்திற்கு நானும் ஒருநாள் கப்பலேறிச் செல்வேன் என்று நினைத்ததில்லை. சென்றது நாடு காணும் ஆவலினாலும் அன்று. என் அத்தை இந்நாட்டுக் குடிமகள் என்பதற்கு ஒரு தாள் தேடிச் சென்றேன்.

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில் ஒரு சிறு நிலையத்தில் நான் எழுத்தர் வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பயணச்சீட்டுக் கொடுப்பதும், மாலையில் கணக்கைச் சரிபார்த்து ஏட்டில் பதிவதுமே என் தொழில். ஆகையால் புலமை எனக்கு இல்லாவிட்டாலும் ஏடுகளோடு பழக்கம் உண்டு. ஒருமுறை எழுதப்பட்ட பெயர் எங்கேனும் ஓர் அலமாரியில் கிடக்கும் என்னும் நம்பிக்கை என் தொழில் எனக்குத் தந்தது. அந்த நம்பிக்கைதான் என்னைக் கச்சால் வரை கொண்டு சென்றது.

என் தந்தையோடு பிறந்தவர் இருவர். மூத்தவராகிய பெரியப்பா இலங்கை மலைநாட்டில், அட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார், வயது 77. அடுத்தவர் அத்தை, நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கச்சாலில் இருக்கிறார், வயது 67. இளையவர் என் தந்தை. இம்மூவரும் ஒரே லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவர்கள். 1975ஆம் ஆண்டிற்குப் பிறகு மூவரும் ஒன்றாக ஒரு வேளை உணவு உண்டதில்லை.

2024ஆம் ஆண்டின் இறுதியில் பெரியப்பா நோய்வாய்ப்பட்டார். தேறிய பின் தொலைபேசியில் என் தந்தையிடம் அவர் கேட்டது ஒன்றே: "தங்கச்சிய ஒரு தரம் பார்க்க முடியுமா?" அத்தையிடம் தெரிவித்தோம். அவரும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை, குடும்ப அட்டை எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனால் பிறந்த இடம் என்னும் கட்டத்தில் இலங்கை என்று எழுதியதும் அலுவலர் ஒருவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்கள் பிறந்தது வெளிநாட்டில். எந்த நாளில், எந்தச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை பெற்றீர்கள்? அதற்குரிய சான்றைக் கொண்டு வாருங்கள்" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. சட்டம் கேட்கச் சொல்வதையே கேட்டார். ஆயினும் அத்தைக்கு அது நெஞ்சில் தைத்தது. "அங்கே இருக்கையில இந்தியாக்காரின்னு சொன்னாங்க. இங்கே ஐம்பது வருஷமா சிலோன்காரின்னு சொல்றாங்க. நான் எந்த ஊர்க்காரி தம்பி?" என்று என்னிடம் கேட்டார். விடை கூற எனக்கு வாய் வரவில்லை. விடுமுறை எடுத்துக்கொண்டு 2025 சனவரியில் புறப்பட்டேன்.

பயணத்தைக் கூறுமுன், இக்கேள்வி எப்படி எழுந்தது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் இதழைப் படிக்கும் குடும்பங்களுள் பலவற்றிற்கு இது சொந்தக் கதையாகவே இருக்கும்.

என் தந்தையின் பாட்டனார் திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கங்காணியின் பின்னே சென்றவர். அக்காலத்தில் மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, தனுஷ்கோடிக்கு இரயிலில் அனுப்புவார்கள். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல் இதுவே வழி. எந்தத் தோட்டத்திற்குப் போகிறவர் என்பதைக் காட்டும் தகர வில்லை ஒன்றை ஒவ்வொருவர்க்கும் கொடுத்த காலமும் உண்டு. 1939 ஆகஸ்டு முதல் நாள், தோட்டக் கூலி வேலைக்கு ஆட்கள் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் என் தாத்தா மலைநாட்டில் பிறந்திருந்தார்.

இலங்கை விடுதலை பெற்றது 1948இல். அவ்வாண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்கச் சொன்னது. தோட்டத்து மக்களிடம் அதற்குத் தாள் ஏது? 1949ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டத்தின்படி, பல ஆண்டு இடைவிடாது வாழ்ந்ததைக் காட்டினால் பதிவு செய்துகொள்ளலாம் என்றனர். ஏறத்தாழ எட்டேகால் லட்சம் பேர்க்கு விண்ணப்பம் போடப்பட்டது. உரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேர்க்கு மட்டுமே. இடையில் ஒருமுறை ஊருக்கு வந்து போனதாலும், பெயர் ஓர் எழுத்து மாறியதாலும் தள்ளப்பட்ட விண்ணப்பங்கள் பல என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அதன்படி, நாடற்றவராக நின்ற 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். கணக்கு நேராக முடிந்தது. ஆனால் அந்தக் கோடு எங்கள் வீட்டுக்குள்ளும் விழுந்தது. பெரியப்பா அப்போது மணமாகித் தனிக் குடும்பமாக விண்ணப்பித்தவர். அவர்க்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பாட்டி, பதினேழு வயது அத்தை, பதினொரு வயது என் தந்தை ஆகியோர் அவரோடு சேர்க்கப்பட்டனர்.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற அந்த இரயிலை அங்குள்ளோர் 'அழுகைக் கோச்சி' என்பர். கோச்சி என்பது அவர்கள் வழக்கில் இரயில். அட்டன் நிலையத்தில் வண்டி நகரும்போது பெரியப்பா சன்னல் கம்பியைப் பிடித்தபடி நடைமேடையின் கடைசி வரை ஓடி வந்தாராம். இருப்புப்பாதை வேலையில் நாள்தோறும் வண்டிகளுக்கு வழியனுப்பும் எனக்கு, என் தந்தை இதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். இராமானுஜம் என்னும் கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் இறக்கியது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டமையால் கப்பல்துறை இராமேசுவரத்திற்கு மாறியிருந்தது. மண்டபம் முகாமில் சில வாரம் தங்கிய பின், அந்தமான் நிக்கோபாரில் இரப்பர்த் தோட்ட வேலை என்று சொல்லி மறுபடியும் கப்பலேற்றினர். என் தந்தை பின்னாளில் வேலை தேடித் தாய்நாட்டுக் கரைக்கு வந்தார். அத்தை கச்சாலிலேயே மணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்.

இனி என் பயணம். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட்பிளேருக்குக் கப்பலில் மூன்று நாள். 2024 முதல் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு பெயரிட்டுள்ளது. கடைவீதியில் இன்னும் பழைய பெயரே வழங்குகிறது. அங்கே கால் வைத்தவுடன் தமிழ் காதில் விழுகிறது. காய்கறிக் கடையில் தமிழ், தேநீர்க் கடையில் தமிழ், குன்றின் மேல் முருகன் கோயில். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சிப் பக்கத்தவரும் கலந்து வாழ்ந்து, எல்லோரும் பொதுவாக இந்தி பேசுகின்றனர்.

நிக்கோபார்த் தீவுகள் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டவை. 1956ஆம் ஆண்டு முறைவிதியின்படி வெளியார் அங்கே நினைத்தவுடன் செல்ல இயலாது. உறவினரைக் காண்பதற்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். ஆறு நாள் காத்திருந்து பெற்றேன். தாள் தேடிப் போகிறவனுக்கு முதலில் ஒரு தாள் தேவைப்பட்டது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

தென்தீவுகளுக்குச் செல்லும் கப்பலில் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தேன். சிறிய அந்தமானைக் கடந்ததும் பத்துப் பாகைக் கால்வாய் வருகிறது. அதுவரை அமைதியாய் இருந்த கப்பல் அங்கே தொட்டில் போல் ஆடும். பக்கத்தில் இருந்த நிக்கோபாரிப் பெரியவர் ஒருவர் என் முகத்தைக் கண்டு, தாம் வைத்திருந்த இளநீரைச் சீவிக் கொடுத்தார். அவர்க்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி அரைகுறை. ஆயினும் "கச்சால், ரிஷ்தேதார்" என்று நான் கூறியதும், உறவினர் வீட்டுக்குப் போகிறான் என்று விளங்கிக்கொண்டு தலையசைத்தார். கார் நிக்கோபாரில் பலர் இறங்கினர். மறுநாள் கச்சால் தெரிந்தது.

தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைப் போர்வை போர்த்திய மேட்டுநிலம். நெருங்கினால் கரையோரத்தில் உயிரற்ற மரங்கள் ஆங்காங்கே நிற்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நில அதிர்ச்சியில் இத்தீவுகளின் நிலம் தாழ்ந்தது. தென்னந்தோப்பு இருந்த இடத்தில் கடல் புகுந்து நிலைத்துவிட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கச்சாலின் மக்கள்தொகை 5,312, 2011இல் 2,685. இவ்விரு எண்களுக்கு இடையே நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

அத்தை கரையில் நின்றிருந்தார். மெலிந்த உருவம், தலையில் முக்காடு. என்னைக் கண்டதும், "அப்பா மாதிரியே நடக்கிற" என்றார். என் தாத்தாவைச் சொன்னார். நம் வழக்கப்படி பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்ததால், அவர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தம்பி என்றே அழைப்பார்.

மறுநாள் விடியுமுன் என்னை இரப்பர்க் காட்டுக்கு அழைத்துச் சென்றார். கொழுந்து கிள்ளிய விரல்கள் இங்கு வந்து பால்வெட்டுக் கத்தி பிடித்தன. வெயில் ஏறுமுன் பட்டையைச் சாய்வாக மெல்லிய இழையாகச் சீவ வேண்டும். ஆழம் சிறிது கூடினாலும் மரம் புண்படும். குறைந்தால் பால் வராது. சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் வடியும் பாலைத் திரட்டி, அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் தேய்த்துத் தகடாக்கி, புகையில் உலர்த்துவார்கள். 1977இல் தொடங்கிய வன, தோட்ட வளர்ச்சி நிறுவனத்தின் கையில் இத்தோட்டம் பல ஆண்டு இருந்தது. அந்நிறுவனத்தை மூடிவிட 2017இல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. "தோட்டத்தை நம்பி வந்தோம். தோட்டம் எங்களுக்கு முந்திப் போயிருச்சு" என்றார் அத்தை. அவர் குரலில் குறையில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

பெட்டியைப் பற்றிக் கேட்டேன். தாத்தாவின் தகரப் பெட்டியில் நான்கு பேர் படம் ஒட்டிய இந்தியக் கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியோர்க்குத் தந்த குடும்ப அட்டை, தோட்டத்துரை கையொப்பமிட்ட ஒரு கடிதம், அத்தையின் பிறப்புச் சீட்டு எல்லாம் எண்ணெய்த்தாளில் சுற்றி இருந்தனவாம். தாத்தா இறக்கும்போது, "உசிரு போனாலும் இந்தப் பொட்டி போகக் கூடாது" என்று அத்தையிடம் ஒப்படைத்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அத்தை தம் பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். மாமா பெட்டியை எடுக்கத் திரும்பினார். அவரும் வரவில்லை, பெட்டியும் வரவில்லை. இருபது ஆண்டாக அத்தை இதை எவரிடமும் சொல்லியதில்லை என்று அவர் மகள் பின்னர் என்னிடம் கூறினாள்.

அன்றிரவு விளக்கடியில் அமர்ந்து, நான் கேட்க அத்தை சொல்ல, ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் எண், பெரிய கங்காணியின் பெயர், கணக்கப்பிள்ளையின் பெயர், சொந்த ஊர், குலதெய்வம், கப்பலேறிய மாதம். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்ற அத்தைக்கு இவை அனைத்தும் மனத்தில் இருந்தன. "தைப்பூசம் கழிஞ்சு பத்தாம் நாள் கோச்சி ஏறினோம்" என்றார். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் நாள் கிடைத்துவிடும். பெட்டியைக் கடல் கொண்டுபோயிற்று. பெட்டியில் இருந்தவற்றை எங்கே தேடுவது என்னும் குறிப்பு மட்டும் அத்தையிடம் எஞ்சியிருந்தது.

இங்கே ஒரு செய்தியை அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நம் வீட்டில் இருப்பவை பெரும்பாலும் படிகளே. மூலப் பதிவு எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கும். படி அழிந்ததால் உரிமை அழிந்துவிடாது. இந்தியாவில் 1987 சூலை முதல் நாளுக்கு முன் பிறந்தவர்க்கு, பெற்றோர் யாராயினும், இந்தியாவில் பிறந்ததே குடியுரிமைக்குப் போதும் என்கிறது சட்டம். ஆதலால் கச்சாலில் 1983இல் பிறந்த அத்தை மகளுக்குத் தன் பிறப்புப் பதிவே போதுமானது. இலங்கையில் பிறந்து இங்கு வந்தவர்களோ, இந்திய வம்சாவளியினர் என்று இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யப்பட்ட பின்னரே கடவுச்சீட்டுப் பெற்றுக் கப்பலேறினர். ஆகவே அத்தை புதிதாகக் குடியுரிமை கேட்கவில்லை. 1975லேயே அவர் பெற்றுவிட்டதை உறுதி செய்யத்தான் கேட்டார். இந்த வேறுபாடு எனக்கே அப்போதுதான் விளங்கியது.

திரும்பும் வழியில் போர்ட்பிளேரில் தமிழ் அன்பர் ஒருவரைக் கண்டேன். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் ஆள் சேர்த்த காலத்து ஏடுகள் சில ஓர் அறையில் அடுக்கிக் கிடப்பதாகச் சொல்லி, உரியவரிடம் அனுமதியும் வாங்கித் தந்தார். இரண்டு நாள் தேடினோம். செல்லரித்த ஏடுகள்; தொட்டால் ஓரம் உதிரும். இரண்டாம் நாள் பிற்பகலில், நீல மையில், ஆங்கிலத்தில் என் பெயரையே கண்டேன்! ஒரு கணம் திடுக்கிட்டேன். பிறகுதான் அது தாத்தாவின் பெயர் என்று உணர்ந்தேன். குடும்ப அட்டை எண், மண்டபம் வந்த நாள், ஒப்பமாகப் பெருவிரல் அடையாளம். அதன் கீழே மனைவி, மகள் வயது 17, மகன் வயது 11. அந்தப் பெருவிரல் ரேகையின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். நான் பிறக்கும் முன்பே மறைந்தவர் அவர்; நான் அவரைத் தொட்டது அதுவே முதல் முறை.

எண் கிடைத்ததும் வழி திறந்தது. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்திற்கு அவ்வெண்ணையும் நாளையும் குறித்து விண்ணப்பம் எழுதினோம். பிறப்புப் பதிவைத் தேடும் வேலையைப் பெரியப்பா தம் தலைமேல் எடுத்துக்கொண்டார். இங்கே ஓர் இடர் நேர்ந்தது. மலைநாட்டில் ஒவ்வொரு தோட்டத்திற்கும் இரண்டு பெயர் உண்டு. தொழிலாளர் வழங்குவது ஒரு தமிழ்ப் பெயர்; அரசாங்க ஏட்டில் இருப்பது துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர். இரண்டுக்கும் ஒலியொற்றுமையே இராது. அத்தைக்குத் தமிழ்ப் பெயர் மட்டும் தெரியும். பெரியப்பா தம்முடைய பழைய சேமலாப நிதி அட்டையைத் தேடி எடுத்து ஆங்கிலப் பெயரைக் கண்டுபிடித்தார்.

பெயரின் எழுத்து அடுத்த இடர். தாத்தாவின் பெயரை ஒருவர் 'கே' என்னும் ஆங்கில எழுத்திலும், மற்றொருவர் 'சி' என்னும் எழுத்திலும் தொடங்கியிருந்தனர். பிரதேசச் செயலகத்தில் முதல் முறை இல்லை என்றனர்; இரண்டாம் முறையும் இல்லை என்றனர். மூன்றாம் முறை பெரியப்பா கைத்தடியோடு படியேறி, "சி எழுத்துப் பக்கத்தையும் ஒருக்கா பாருங்க ஐயா" என்று கேட்டாராம். அங்கே இருந்தது. அந்நாட்டுப் பிறப்புச் சான்றில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்கும் கட்டங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் தழும்பு அது. எங்கள் அத்தையின் சீட்டில் அக்கட்டத்தில் ஒரு கோடு மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டினால்தான் ஒரு குடும்பம் கடல் கடந்தது. 1964 முதல் அங்கே நிலையாக வாழ்ந்து நாடற்றிருந்தவர்க்கும் அவர் வழியினர்க்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை குடியுரிமை வழங்கியது. எங்கள் வீட்டிற்கு அது இருபத்தெட்டு ஆண்டு தாழ்த்தி வந்த செய்தி.

இத்தகைய தேடல் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் போலந்து நாடு 1795 முதல் 1918 வரை மூன்று வல்லரசுகளால் பங்கிடப்பட்டுத் தனி நாடாக இல்லாதிருந்தது. அக்காலத்திலும் அதன் பின்னரும் அங்கிருந்து அமெரிக்கா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தவர் பல லட்சம். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள், தம் முன்னோர் போலந்துக் குடிமக்களே என்பதை உறுதிசெய்துகொள்ளத் தேவாலயப் பிறப்பேடுகளையும் கப்பல் பட்டியல்களையும் தேடுகின்றனர். அந்நாட்டின் முதல் குடியுரிமைச் சட்டம் 1920ஆம் ஆண்டினது. முன்னோரிடமிருந்து இடையறாது வந்த உரிமை என்று காட்டினால் அரசு அதை உறுதி செய்கிறது. அவர்களுக்கும் நம்மைப் போலவே இடர்கள்: ஒரே ஊருக்கு உருசிய மொழியில் ஒரு பெயர், செருமானிய மொழியில் ஒரு பெயர், ஒரே மனிதர்க்கு மூன்று விதமான எழுத்து. குளிர்நாட்டுத் தேவாலயத்தில் ஏடு புரட்டும் பேரனும், போர்ட்பிளேரில் செல்லரித்த தாளைப் புரட்டிய நானும் ஒரே வேலையைத்தான் செய்தோம்.

கண்டியிலிருந்து பதிவை உறுதி செய்யும் கடிதம் வந்தது. பிறப்புச் சான்றும் வந்தது. 2025 ஆவணியில் அத்தையின் கடவுச்சீட்டு கச்சாலுக்கு அஞ்சலில் சேர்ந்தது. அத்தை மகள் தொலைபேசியில் அழைத்தாள். அருகிலிருந்த அத்தை, "அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லச் சொல்லு" என்றார். நாட்டினம் இந்தியர், பிறந்த இடம் டிக்கோயா, இலங்கை என்று மகள் படித்தாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு அத்தை, "ரெண்டையும் ஒரே பக்கத்துலயா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "அப்ப சரி" என்றார்.

அவர் சென்னைக்கு வருவது வரும் தை மாதத்தில். அங்கிருந்து என் தந்தையும் அவரும் சேர்ந்து கொழும்புக்குச் செல்ல ஏற்பாடாகியிருக்கிறது. அட்டன் நிலையத்திற்குத் தாமே வந்து நிற்பதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். மருத்துவர் வேண்டாம் என்கிறார். அவர் கேட்கப் போவதில்லை.

அன்பர்களே, கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். வீட்டில் முதியோர் இருந்தால் இவ்வாரமே அவர்கள் அருகில் அமருங்கள். சென்ற ஊர், தோட்டத்தின் இரண்டு பெயர்கள், கங்காணி பெயர், கப்பல், மாதம், உடன் வந்தவர் பெயர், குலதெய்வம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். திருநாளைக் கொண்டு நாள் சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். பெயரைத் தேடும்போது ஒரே எழுத்தில் நின்றுவிடாதீர்கள். வீட்டிலுள்ள சீட்டுகளுக்கு மூன்று படி எடுத்து, மூன்று வெவ்வேறு ஊர்களில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். பிள்ளைகளின் பிறப்பையும் பெரியோர் இறப்பையும் உடனுக்குடன் பதிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது தகரப் பெட்டி இல்லை. அத்தை சொல்ல நான் எழுதிய அந்தக் குறிப்பேடு கச்சாலிலும், டிக்கோயாவிலும், என் நிலையத்து மேசை அறையிலும் ஒவ்வொரு படி இருக்கிறது. முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயரையும், அதன் கீழே, பெட்டியை எடுக்கத் திரும்பிய மாமாவின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.